டெல்லிக் குளிரில் காலையில் பைக் செல்ஃப் எடுக்கவில்லை, ஆயில் மாற்றியதாலா?

ஆமாம், ஆயில் காரணமாக இருக்கலாம். கையேட்டில் 10டபிள்யூ-30 கிரேடு ஆயில் என்று இருக்க, கரோல் பாக் மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊற்றியதாகச் சொல்கிறீர்கள். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குறைவாக இருந்தால் குளிரில் இளகி ஓடும், பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. ஜனவரி காலை 5 டிகிரியில் 20டபிள்யூ-50 பாகு மாதிரி ஆகிவிடும், அதைத் தள்ளிக்கொண்டு கிராங்கை, அதாவது எஞ்சினின் சுழல் தண்டைச் சுற்ற செல்ஃப் மோட்டார் திணறும், எஞ்சினின் மேல் பாகங்களுக்கு ஆயில் போய்ச் சேரவும் நேரமாகும். எனக்குக் கவலையே இந்த இரண்டாவதுதான், தேய்மானம் அங்கேதான் நடக்கும்.

நாளைக் காலையில் முதலில் ஹாரன் அடித்துப் பாருங்கள். சத்தம் கணீரென்று இருந்து, கிக்கர் மட்டும் வழக்கத்தைவிட கனமாக இறங்கினால் ஆயிலை வடித்துவிட்டு கையேட்டில் உள்ள கிரேடையே ஊற்றுங்கள்.

ஹாரன் கம்மினால் வேறு கதை. குளிரில் பேட்டரியும் தளரும், முதலில் அதை சார்ஜ் செய்யுங்கள்.

அப்புறம், இளக்குவதற்காக மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னால் கேட்காதீர்கள், பேரிங் போய்விடும். கார் ஆயிலும் வேண்டாம். கியர் பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில் ஊறுவதால் வழுக்கலாம், டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் ஊறும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரக்குறி) என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.