மைக் செட் அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: எங்கள் தாத்தா சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய இசைத்தட்டு கிடைத்தது. லேபிளில் ஆங்கிலத்தில் ‘ஹர்ரி, நம்பர் 2’ என்று இருக்கிறது. ஹரி பஜனை என்று நினைத்து, அம்மா விளக்கேற்றிவிட்டுப் போடச் சொன்னார். பாட்டே இல்லை! வயலின்கள் தலைதெறிக்க ஓடி மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டன. தட்டின் மேல் மஞ்சள் மெழுகுப் பென்சில் கோடு வேறு. என்ன இது?
— வாசகி, தக்கலை

பதில்: அம்மாவைக் கேலி செய்யாதீர்கள். அது ஹரி இல்லை, ‘அவசரம்’. ஊமைப்பட வாத்தியக்காரர்களின் பாஷை. துரத்தல், கைகலப்பு, தீ விபத்து எல்லாவற்றுக்கும் ஹர்ரிதான். 1913-ல் அமெரிக்காவில் ஜமெக்னிக் என்பவர் தியேட்டர் பியானோக்காரர்களுக்காக எழுதிய புத்தகத்திலேயே விதவிதமான ஹர்ரிகள் உண்டு. திருடன் பதுங்கி வர ஒரு மெட்டும் உண்டு. 1924-ல் எர்னோ ராப்பே போட்ட புத்தகம் இன்னும் கில்லாடி. பக்க ஓரத்திலேயே சோகம், ரயில், கடல் புயல் என்று பட்டியலும் பக்க எண்ணும் இருக்கும். படம் ஓட ஓடப் புரட்டிக்கொள்ளலாம்.

வில்லுப்பாட்டில் சுடலைமாடன் கதை பாடும்போது, வேட்டை வந்ததும் குடக்காரர் கை தானாக வேகம் பிடிக்கும் இல்லையா? அந்த வேலையைத்தான் அப்புறம் தட்டில் அடைத்து விற்றார்கள். இசைக்குழு வைக்க வசதியில்லாத தியேட்டரில் இரண்டு கிராமபோன் மேடைகள் அருகருகே இருக்கும். 10 அங்குலத் தட்டு மூன்று நிமிடம்தான். காட்சி அதற்குள் முடியுமா? ஒன்று ஓடும்போதே மற்றதில் ஊசியை வைத்து, இதைக் குறைத்து அதைக் கூட்ட வேண்டும். இடி, ரயில், குதிரைக் குளம்புக்கெல்லாம் தனித் தட்டுகள் வந்தன. அதுவரை குதிரை என்றால் சிரட்டைதான்.

மஞ்சள் கோடு, ஊசி விழ வேண்டிய இடம். தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். லேசான ஈரத்துணி போதும். அந்தக் கோட்டின் மேல் மட்டும் துணி படவேண்டாம். தாத்தா கை அது.

கேள்வி: இதெல்லாம் படித்துச் சொல்வதா, கை வைத்த அனுபவமா?
— வாசகர், கருங்கல்

பதில்: வம்புக்கென்றே கேட்கிறீர். சரி, சொல்கிறேன். ஒரு கோயில் கொடைவிழாவில் நாடகத்துக்கு என் செட். ஒரே தட்டில் இடி, மழை, நாய், ரயில் என்று வரிசையாக இருக்கும். நான் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தேன். வியர்வைக் கட்டைவிரல் பட்டு ஒரு கோடு அழிந்ததைச் சீரியல் பல்பு வெளிச்சத்தில் கவனிக்கவில்லை. மேடையில் ராஜா வாளை உருவி, “யாரங்கே!” என்றார். இடி இடிக்க வேண்டும். குழாயில் நாய் குரைத்தது. மணலில் உட்கார்ந்திருந்த ஒருவர், “இன்னா வந்தாச்சு மக்கா!” என்று கத்த, ராஜாவே சிரித்துவிட்டார். நாடகத்தை நடத்தியவர் சிரிக்கவில்லை. பாக்கி வாடகையை நானும் கேட்கப் போகவில்லை.