ஜாவா வெப் அப்ளிகேஷன்: எந்த ஆப்ஜெக்ட் யாருடையது, எவ்வளவு நேரம்?

கே: லாகின் செய்தவரின் பெயரை சர்வ்லெட் கிளாஸில் (பிரவுசர் கேட்பதற்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) ஃபீல்டாக வைத்திருக்கிறேன். என் கணினியில் சரியாக ஓடுகிறது. லைவில் ஒருவருக்கு இன்னொருவர் பெயர் தெரிகிறது. ஏன்?

ப: டாம்கேட் (சர்வ்லெட்டை ஓட்டும் சர்வர்) அந்த சர்வ்லெட்டுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் உருவாக்குகிறது. வருகிற ரிக்வெஸ்ட் ஒவ்வொன்றையும் ஒரு த்ரெட் (மற்றவற்றோடு சேர்ந்து ஓடும் தனி வேலைச் சரடு) எடுத்துக்கொண்டு அதே ஆப்ஜெக்டுக்குள் நுழைகிறது. நீங்கள் அமைப்பை மாற்றாதவரை, ஒரே நேரத்தில் 200 த்ரெட் வரை நுழையலாம். முதல் த்ரெட் ஃபீல்டில் 'கவிதா' என்று எழுதிவிட்டு டேட்டாபேஸ் பதிலுக்காக 50 மில்லிசெகண்ட் காத்திருக்கிறது என்று வையுங்கள். அதற்குள் இரண்டாவது த்ரெட் வந்து 'முருகன்' என்று எழுதிவிடும். கவிதாவின் திரையில் முருகன் வருவார். தனியாளாகச் சோதிக்கும்போது இது சிக்கவே சிக்காது.

பெயரை மெத்தடுக்குள் லோக்கல் வேரியபிளாக்குங்கள். பல பக்கங்களுக்குத் தேவையென்றால் செஷனில் (ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் தனியாக வைக்கும் இடம்) வையுங்கள். சிங்க்ரனைஸ்ட் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டுச் சமாளிக்க வேண்டாம், எல்லோரும் ஒற்றை வரிசையில் நிற்க நேரிடும். ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கின் கன்ட்ரோலரும் சர்வீஸும் கூட வழக்கமாக சிங்கிள்டன்தான், அதாவது எல்லோருக்கும் ஒரே ஆப்ஜெக்ட். அங்கும் இதே ஆபத்து உண்டு.

கே: ரிக்வெஸ்ட் அட்ரிப்யூட்டில் (ரிக்வெஸ்டோடு ஒட்டிவைக்கும் மதிப்பு) வைத்த 'சேமிக்கப்பட்டது' என்ற செய்தி அடுத்த பக்கத்தில் நல் (மதிப்பில்லாதது) ஆகிறது. ஏன்?

ப: ரீடைரக்ட் செய்திருப்பீர்கள். பிரவுசருக்கு 302 ('வேறு முகவரிக்குப் போ' என்ற பதில்) போய், அது புத்தம்புதிய ரிக்வெஸ்ட் அனுப்புகிறது. பழையது அட்ரிப்யூட்டோடு முடிந்துபோனது. ஃபார்வர்ட் செய்தால் (சர்வருக்குள்ளேயே அதே ரிக்வெஸ்டை அடுத்த பக்கத்துக்கு அனுப்பினால்) செய்தி தங்கும், ஆனால் ரிஃப்ரெஷ் அழுத்தினால் ஃபார்ம் மறுபடி போய் ஆர்டர் இரண்டாகலாம். ரீடைரக்டே சரி. செய்தியைச் செஷனில் போட்டு, அடுத்த பக்கம் படித்த கையோடு நீக்குங்கள். ஸ்பிரிங்கில் இதற்கென்றே ஃப்ளாஷ் அட்ரிப்யூட் இருக்கிறது.

கே: செஷன் டைம்அவுட்டை கோடில் 30 என்று வைத்தேன். அரை நிமிடத்தில் லாக்அவுட் ஆகிறது.

ப: வெப் எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் கொடுப்பது நிமிடம், கோடில் கொடுப்பது விநாடி. 1800 கொடுங்கள். கடைசி ரிக்வெஸ்டிலிருந்துதான் நேரம் ஓடும். பிரவுசரை மூடியது சர்வருக்குத் தெரியாது. ஆளுக்கு 5 எம்பி லிஸ்ட்டைச் செஷனில் போட்டால், 1,000 பேர் போன பின்னும் 5 ஜிபி ஹீப் (ஜாவா ஆப்ஜெக்ட்கள் இருக்கும் நினைவகம்) அரை மணி நேரம் சிக்கிக் கிடக்கும். லிஸ்ட்டுக்குப் பதில் ஐடியை மட்டும் வையுங்கள்.

கே: த்ரெட்லோக்கலில் (ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென வைத்துக்கொள்ளும் மதிப்பு) பழைய பயனரின் விவரம் வருகிறதே?

ப: ரிக்வெஸ்ட் முடிந்தாலும் த்ரெட் சாவதில்லை, அடுத்த ரிக்வெஸ்டுக்காகக் காத்திருக்கும் த்ரெட்களின் பூலுக்குத் திரும்புகிறது, மதிப்பும் கூடவே போகிறது. ஃபில்டரில் (ரிக்வெஸ்ட் சர்வ்லெட்டுக்குப் போகும் முன்னும் பின்னும் ஓடும் கோடு) ஃபைனலி பிளாக்குக்குள் த்ரெட்லோக்கலின் ரிமூவ் மெத்தடை அழையுங்கள். எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) வந்தாலும் அந்த வரி ஓடியாக வேண்டும்.