நண்டு, இறால் ரத்தம் பத்தி என்ன வேணா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, நண்டுக்கு கால் ஒடிஞ்சா தண்ணி மாதிரி தான் ஏதோ வருது, ரத்தம் எங்க?

பதில்: அதாங்க ரத்தம். ரத்தத்துல ஆக்சிஜன சுமக்கிற புரதம் நமக்கு இரும்பு உள்ள ஹீமோகுளோபின், நண்டு, இறாலுக்கு காப்பர் உள்ள ஹீமோசயனின். ரெண்டு காப்பர் அணு சேர்ந்து ஒரு ஆக்சிஜன் மூலக்கூற பிடிக்கும், பிடிச்சா நீலம், விட்டுட்டா கலரே இருக்காது. இது செல்லுக்குள்ள இல்ல, ரத்தத்துல அப்படியே கரைஞ்சு கிடக்கு, அதனால உப்பு, அமிலம் எது மாறினாலும் நேரா இது தலைல தான் விடியும்.

கேள்வி: தண்ணி சூடானா இறால் ஏன் திணறுது?

பதில்: எல்லாப் பக்கமும் அடி. நல்ல தண்ணில 0 டிகிரில லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரில சுமார் 7.5 தான். உடம்புக்கோ சூட்டுல தேவை ஏறுது, அது போதாதுன்னு ஹீமோசயனினோட பிடியும் தளருது.

கேள்வி: பிடி தளர்ந்தா தசைக்கு ஈசியா கொடுத்துடுமே, நல்லது தானே?

பதில்: சூப்பர் கேள்வி. தண்ணில ஆக்சிஜன் தாராளமா இருந்தா நல்லது தான். ஆனா செவுள்ல ஏத்தினா தானே தசைல இறக்க முடியும்? தண்ணிலயே பஞ்சம்னா ஏத்துறதே கஷ்டம்.

கேள்வி: ஆக்சிஜன் குறைஞ்சா உடனே செத்துடுமா?

பதில்: அவ்ளோ சீக்கிரம் இல்ல. எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதியே இதான். முதல்ல செவுள்ல தண்ணிய வேகமா ஓட்டும், அதுல ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளிய போய் பிஎச் ஏறும் (பிஎச்னா அமில அளவுகோல், அமிலம் குறைஞ்சா இது ஏறும்), பிஎச் ஏறினா ஹீமோசயனினோட பிடி இறுகும், அதனால இருக்கிற கொஞ்சத்தையும் வாரி எடுத்துக்கும். அதுவும் பத்தலன்னா ஆக்சிஜன் இல்லாமலே உடம்ப ஓட்ட ஆரம்பிக்கும், லாக்டிக் அமிலம் சேர்ந்து பிஎச் இறங்கி பிடி தளரணும் இல்லையா, ஆனா அந்த லாக்டிக் அமிலத்துல இருந்து வர்ற லாக்டேட்டே போய் ஹீமோசயனின்ல ஒட்டி பிடிய திரும்ப இறுக்குது! உடம்புல உருவாகுற கழிவான யூரேட்டும் இதே வேல பாக்கும். நாள் கணக்குல இழுத்தா சில இனங்கள் ஹீமோசயனினையே கூடுதலா செய்யும், பட்டினி கிடந்தா மட்டும் அத புரதமா கரைச்சு தின்னுடும்.

கேள்வி: தண்ணிய விட்டு வெளிய எடுத்தா?

பதில்: செவுள் இதழ் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், கார்பன் டை ஆக்சைடு போக வழியில்லாம ரத்தம் அமிலமாகும். ஈரமா, குளிர்ச்சியா வைங்க.

கேள்வி: தொட்டில நைட்ரைட் ஏறிடுச்சு, ஆக்சிஜன் மீட்டர் நல்லா தான் காட்டுது, இறால் சோர்ந்து கிடக்கு.

பதில்: மீட்டர் தண்ணிய தான் பாக்குது, ரத்தத்த இல்ல. கழிவு சிதையும்போது தண்ணில சேர்ற இந்த நைட்ரைட், ஹீமோசயனின்ல இருக்கிற காப்பர ஆக்சிடைஸ் பண்ணிடும், அப்புறம் அந்த ஹீமோசயனினால ஆக்சிஜன பிடிக்க முடியாது. உப்பு கம்மியான தண்ணில ஆபத்து ஜாஸ்தி, ஏன்னா நைட்ரைட் உள்ள நுழையாம உப்புல இருக்கிற குளோரைடு தான் கொஞ்சம் தடுக்கும். முதல்ல தண்ணிய மாத்துங்க, மத்தது அப்புறம்.

கேள்வி: நீலம்னு சொன்னீங்க, என்கிட்ட இருக்கிற டாஃப்னியா (குட்டி நீர்த்தெள்ளு) சிவப்பா இருக்கே?

பதில்: மாட்டிவிட்டுட்டீங்க. அதுவும் நண்டு, இறால் மாதிரி ஓட்டுடலி தான், ஆனா அதுக்கு ஹீமோகுளோபின். தண்ணில ஆக்சிஜன் குறைஞ்சா நிறைய செஞ்சு சிவக்கும், உங்க தண்ணில காத்து பத்தலன்னு அர்த்தம். காத்து விட்டுப் பாருங்க, கொஞ்ச நாள்ல வெளுத்துடும்.