வாசகர் கேள்வி: ‘ஃப்ரெஷ்’ஷுக்கு எது எதிர்ச்சொல்?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ‘ஃப்ரெஷ்’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் ‘ஸ்டேல்’ என்கிறது ஒரு கைடு; ‘சால்ட்’ என்கிறது இன்னொன்று. எதை மனப்பாடம் செய்யச் சொல்வது?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இரண்டுமே சரிதான் அம்மா. ஆனால் இரண்டையுமே தனிச்சொல்லாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லோடு சேர்த்துப் படிக்கட்டும்.

வீராணம் ஏரித் தண்ணீர் ‘ஃப்ரெஷ் வாட்டர்’. ஒரு வாரம் குடத்தில் கிடந்தாலும் அந்தப் பொருளில் அது ஃப்ரெஷ்தான். ஏனென்றால் இங்கே பேச்சு உப்பைப் பற்றியது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். நன்னீரில் அரை கிராமுக்கும் குறைவு. அதனால் எதிர், ‘சால்ட் வாட்டர்’. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில் இருப்பது ‘ப்ராக்கிஷ்’, அதாவது உவர்நீர். அது இரண்டுக்கும் நடுவில் உள்ளது, எதிர்ச்சொல் ஆகாது.

மீனுக்கு வந்தால் கதை வேறு. கண் தெளிவாகப் புடைத்து, செவுள் சிவந்து, விரலால் அழுத்திய சதை உடனே மேலே எழும்பினால் ஃப்ரெஷ். கண் குழிந்து செவுள் பழுப்பேறியது ‘ஸ்டேல்’. உறைய வைத்தது ‘ஃப்ரோஸன்’, காயவைத்தது ‘டிரைட்’. இவை கெட்டுப்போனவை அல்ல, ஆனாலும் ஃப்ரெஷ்ஷுக்கு எதிர்தான். மீன் கெட்டதா என்று வாக்கியம் கேட்கிறதா, பதப்படுத்தியதா என்று கேட்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

பிரெட்டுக்கும் செய்திக்கும் ‘ஸ்டேல்’ பொருந்தும். காற்று என்றால் ‘ஸ்டேல்’ அல்லது ‘ஸ்டஃபி’, சட்டைக்கு ‘டர்ட்டி’, தூங்கி எழுந்த ஆளுக்கு ‘டயர்ட்’.

தேர்வில் எதிர்ச்சொல் வாக்கியத்துக்குள் அடிக்கோடிட்டுத்தான் வரும். முதலில் அந்தச் சொல் எதை வர்ணிக்கிறது என்று பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு விடையையும் அந்த இடத்தில் வைத்து முழு வாக்கியத்தையும் படிக்க வேண்டும். பொருள் தலைகீழாக வேண்டும், வாக்கியமும் இயல்பாக ஒலிக்க வேண்டும். பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: ஒத்தசொல் கேள்விகளை முடித்த கையோடு எதிர்ச்சொல்லுக்கு வருவதால், அதே வேகத்தில் ‘நியூ’ என்று குறித்துவிடுவார்கள். ‘அன்’ என்ற முன்னொட்டைச் சேர்த்தால் எதிர்ச்சொல் வந்துவிடும் என்று நம்புவதும் ஆபத்து. ‘அன்ஃப்ரெஷ்’ என்று யாரும் எழுதுவதில்லை.

நோட்டில் ‘ஃப்ரெஷ் × ஸ்டேல்’ என்று எழுதாமல் ‘ஃப்ரெஷ் பிரெட் × ஸ்டேல் பிரெட்’ என்று எழுதட்டும். ‘ஹார்ட் வாட்டர் × சாஃப்ட் வாட்டர்’, ‘ஹார்ட் கொஸ்டின் × ஈஸி கொஸ்டின்’, ‘ஓல்ட் மேன் × யங் மேன்’, ‘ஓல்ட் ஹவுஸ் × நியூ ஹவுஸ்’ எல்லாமே இப்படித்தான்.

கேள்வி: வேலை விளம்பரத்தில் வரும் ‘ஃப்ரெஷர்’ என்பதற்கு எதிர் ‘சீனியர்’தானே?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்லை. ‘சீனியர்’ என்பதற்கு எதிர் ‘ஜூனியர்’. ஃப்ரெஷருக்கு எதிர் ‘எக்ஸ்பீரியன்ஸ்ட் கேண்டிடேட்’. இது நம் நாட்டு வழக்கு; பிரிட்டனில் ‘ஃப்ரெஷர்’ என்றால் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர். வெளிநாட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது ‘ரீசன்ட் கிராஜுவேட்’ என்று எழுதுங்கள்.