ஃப்ளாரன்ஸ் விருந்துக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் திருமணத்தின் 25ஆம் ஆண்டு நிறைவுக்காகப் பிள்ளைகள் எங்களை இத்தாலிக்கு அனுப்பிவைக்கிறார்கள். ஃப்ளாரன்ஸ் நகரில் ஓர் உயர்தர உணவகத்தில் இரவு விருந்துக்கு மேசையும் பதிவு செய்துவிட்டார்கள். என் கணவர் முட்டைகூடச் சேர்க்காத சைவம். நான் மீனும் கோழியும் சாப்பிடுவேன். இருவருமே மது அருந்துவதில்லை. இணையத்தில் மெனுவைப் பார்த்தபோது பாதிப் பெயர்கள் புரியவில்லை, விலையைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. முள்கரண்டியில் சாப்பிட்டுப் பழக்கமும் இல்லை. அவர் வெறும் ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவேன்? பதிவை ரத்து செய்துவிடலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரி, ரத்து செய்யாதீர்கள். முள்கரண்டி, விலை என்று பலவற்றை எழுதியிருந்தாலும், உங்களை உண்மையில் வாட்டுவது கடைசியில் நீங்கள் சொல்லியிருக்கும் கவலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கணவர் பசியோடு இருக்க உங்களுக்குச் சோறு இறங்காது. அந்தக் கவலையை ஃப்ளாரன்ஸ் வரை சுமந்து செல்லத் தேவையில்லை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே, உணவகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதித் தீர்த்துவிடலாம்.

இதை விருந்தன்று மேசையில் அமர்ந்த பிறகு சொல்வதற்கும் முன்கூட்டியே எழுதுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நல்ல சமையலறைகளில் சாறும் குழம்புகளும் அன்று காலையிலேயே தயாராகிவிடும். இரவு எட்டரை மணிக்கு, எல்லா மேசைகளும் நிறைந்திருக்கும்போது, ரிசோட்டோ என்ற அரிசி உணவில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட இறைச்சிச் சாற்றை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. முன்பே தெரிந்தால் சமையல்காரர் தனியாகக் காய்கறிச் சாறு எடுத்து வைப்பார்.

மின்னஞ்சலில் ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. இத்தாலியில் சைவ உணவு என்றால் முட்டையும் பாலாடைக்கட்டியும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். எனவே இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு, பன்றிக் கொழுப்பு, நெத்திலி, விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் ஆகிய எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். நெத்திலியைத் தனியே சொல்வதற்குக் காரணம் உண்டு: காய்கறி வதக்கல்களிலும் பச்சைச் சட்னி போன்ற சால்சா வெர்தேயிலும் அது கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 2014 டிசம்பரிலிருந்து, ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைப் பற்றி உணவகங்கள் தகவல் தர வேண்டும். முட்டையும் மீனும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் இறைச்சிச் சாறும் பன்றிக் கொழுப்பும் இல்லை. ஆகவே அந்தப் பட்டியலை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

இங்கே உங்கள் கணவரிடம் முன்பே பேச வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற புகழ்பெற்ற பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னட் என்ற நொதியைக் கொண்டுதான் உறைய வைக்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. பெகோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னட். சைவம் சாப்பிடுகிற பலர் இதை அறியாமல் சாப்பிடுகிறார்கள். அறிந்தும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எது சரி என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் விருந்து நல்லபடியாக முடிய வேண்டுமே என்று அவரிடம் இதை மறைத்துவிடாதீர்கள். வீட்டிலேயே சொல்லி, முடிவை அவரிடம் விடுங்கள். அவர் வேண்டாம் என்றால், மின்னஞ்சலில் ‘வேகன்’ (பால் உட்பட விலங்குப் பொருள் எதையும் உண்ணாதவர்) என்று எழுதுவதே எளிது. முட்டை, பாலாடைக்கட்டி இரண்டும் ஒரே சொல்லில் விலகிவிடும். வெண்ணெயும் பாலும் அவருக்குச் சம்மதம் என்பதைக் கூடுதலாகக் குறிப்பிட்டுவிடலாம்.

அவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். நிறையவே கிடைக்கும். கடையில் பாக்கெட்டில் விற்கும் உலர்ந்த பாஸ்தா, அதாவது ஸ்பகெட்டியும் பென்னேயும், பெரும்பாலும் ரவையும் தண்ணீரும் மட்டுமே. ஆனால் உயர்தர உணவகங்கள் பெருமையோடு பரிமாறும் புதுப் பாஸ்தாவில், குறிப்பாக தல்யத்தேல்லே, பப்பர்தெல்லே, ரவியோலி போன்றவற்றில், முட்டை இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். எனவே முட்டையில்லாத உலர் பாஸ்தாவில், தக்காளிச் சாற்றோடு அல்லது பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாயோடு செய்து தர முடியுமா என்று கேளுங்கள். பின்னதற்கு ‘அல்யோ, ஒல்யோ, பெப்பரொன்சீனோ’ என்று பெயர். மெனுவில் இல்லாவிட்டாலும் பெரும்பாலான இத்தாலியச் சமையலறைகளில் செய்து தருவார்கள், நம் நாக்குக்கும் அது உடனே பிடிக்கும். ஃப்ளாரன்ஸ் இருக்கும் டஸ்கனி பகுதியின் சொந்த உணவுகளிலும் அவருக்கு இடமுண்டு. பழைய ரொட்டியைத் தக்காளியோடும் துளசி போன்ற பேசிலோடும் குழைய வேகவைக்கும் ‘பப்பா அல் பொமொதோரோ’வும், வெள்ளை பீன்ஸை சேஜ் இலையோடு தக்காளியில் சமைக்கும் உணவும் அவற்றில் முக்கியமானவை, இரண்டிலும் இறைச்சிச் சாறோ தொத்திறைச்சியோ சேர்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. அங்கே காலங்காலமாக அப்படித்தான். சமையலில் பிழை என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் எதையும் ஆர்டர் செய்யும் முன்பே, உணவகத்தின் அன்பளிப்பாகச் சிறு தட்டில் ஏதேனும் வந்துவிடும். வறுத்த ரொட்டித் துண்டின் மேல் பழுப்பு நிறத்தில் மெழுகியிருப்பது டஸ்கனியில் பெரும்பாலும் கோழி ஈரல். பார்வைக்கு அரைத்த பருப்பைப் போலவே இருக்கும். உங்கள் கணவர் ஆசையாகக் கையை நீட்டுவதற்குள் ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டுவிடுங்கள். இனிப்புகளிலும் இதே கவனம் தேவை: பன்னா கோட்டாவில் ஜெலட்டின் உண்டு, திராமிசுவில் பச்சை முட்டையும் பல இடங்களில் மதுவும் உண்டு. சோர்பெட்டோ என்ற பழ ஐஸ் அல்லது நறுக்கிய பழங்கள் அவருக்குப் பொருந்தும்.

மது அருந்தாதது அங்கே யாருக்கும் வியப்பாக இருக்காது. ஒயின் பட்டியலோடு வருபவரிடம் புன்னகையோடு ‘ஒயின் வேண்டாம், தண்ணீர் போதும்’ என்று சொல்லிவிட்டால், ஒயின் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சமையலில் சேரும் மதுவும் உங்களுக்கு ஆகாதென்றால் அதையும் மின்னஞ்சலில் எழுதுங்கள். ரிசோட்டோவைத் தொடங்கும்போதே வெள்ளை ஒயின் ஊற்றுவது அங்கே சாதாரண வழக்கம்.

விலையைப் பற்றிய உங்கள் பயத்தில் நியாயம் உண்டு. மீன் விலைக்கு அருகே ‘எத்தோ’ என்று போட்டிருந்தால், அது 100 கிராமுக்கான விலை. 9 யூரோ என்று பார்த்து ஆர்டர் செய்த மீன் 600 கிராம் இருந்தால் 54 யூரோ ஆகிவிடும். சமைக்கும் முன் மீனைக் காட்டி எடையைச் சொல்லச் சொல்வது அங்கே முறையான கோரிக்கைதான். முன்னுணவு, பாஸ்தா, மீன் அல்லது இறைச்சி, இனிப்பு என்று மெனு நான்கு பகுதிகளாக இருந்தாலும் நான்கையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆளுக்கு இரண்டு வகை வாங்கி, ஓர் இனிப்பைப் பகிர்ந்துகொள்வது கண்ணியமான அளவு. பல வகைகளைச் சிறு சிறு அளவில் தரும் ‘தெகுஸ்தட்சியோனே’ மெனுவைப் பல இடங்களில் மேசையிலுள்ள எல்லோரும் சேர்ந்தே எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் இருவருக்கும் அது சரிவராது. பில்லில் ‘கோபெர்த்தோ’ என்று ஆளுக்குச் சில யூரோ சேர்ந்திருக்கும். அது மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம், மோசடி அல்ல. டிப்ஸ் கட்டாயமில்லை. செலவுக்கு வரம்பு என்ன என்று பிள்ளைகளிடமே வெளிப்படையாகக் கேட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் மகிழ்ச்சியோடு தரும் பரிசை நீங்கள் கணக்குப் பார்த்துப் பார்த்து உண்டால் அவர்களுக்கும் வருத்தமாகத்தான் இருக்கும்.

முள்கரண்டியைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாஸ்தாவில் நான்கைந்து இழைகளை மட்டும் பிரித்து, தட்டின் ஓரத்தில் வைத்துச் சுற்றினால் போதும். வீட்டில் இரண்டு நாள் பழகினால் வந்துவிடும். ரொட்டியைக் கையால் பிய்த்துத்தான் எல்லோரும் உண்பார்கள். உடைக்கு உங்கள் பட்டுப் புடவையே அழகு.

நேரத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். இரவு உணவுக்கு அங்கே ஏழரைக்கு முன் பல இடங்களில் கதவே திறக்காது, சாப்பிட்டு முடிக்க இரண்டரை மணி நேரம்கூட ஆகலாம். பில்லை நீங்கள் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள். உங்களை எழுப்பிவிடுவதை அவர்கள் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு ஏதேனும் சிறிதாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மின்னஞ்சலை ஆங்கிலத்தில் எழுதினாலும், அதே செய்தியை இத்தாலிய மொழியில் ஒரு தாளில் அச்சிட்டுக் கைப்பையில் வைத்திருங்கள். மெனுவைத் தரும்போதே அதைப் பரிமாறுபவரிடம் கொடுத்துவிடலாம். மூன்று நாளில் பதில் வராவிட்டால், நீங்கள் தங்கப்போகும் விடுதியின் வரவேற்பில் சொல்லித் தொலைபேசியில் பேச வைக்கலாம். அதன் பிறகும் ‘எங்களால் இயலாது’ என்று உணவகம் சொன்னால், அப்போது மட்டும் ரத்து செய்து, காய்கறி உணவுகள் நன்றாக உள்ள வேறோர் இடத்தில் பிள்ளைகளைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவின்போது கார்டு எண் கொடுத்திருந்தால், எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும் என்பதை உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் பார்த்துக்கொள்ளுங்கள்.