கணக்குக்கு முன்னால் கண்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஆறு வருடமாகச் செஸ் ஆடுகிறேன். ஐந்தாறு நகர்த்தல் வரை மனதுக்குள் கணக்குப் போட முடிகிறது. ஆனாலும் யானையையோ குதிரையையோ அடுத்த நகர்த்தலிலேயே சும்மா பறிகொடுத்துவிடுகிறேன். இன்னும் ஆழமாக யோசிக்க என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஐந்தாறு நகர்த்தல் பார்க்கிறீர்கள் என்றால் ஆழம் போதும். காய் போவது முதல் நகர்த்தலில்தானே?

டச்சு உளவியலாளர் டி க்ரூட், ஆட்டக்காரர்களைச் சத்தமாக யோசிக்கவைத்துக் கேட்டார். ஆய்வு 1946-இல் வெளிவந்தது. கிராண்ட்மாஸ்டர்கள் மற்றவர்களைவிட வெகு ஆழமாகப் போகவில்லை. எதை யோசிக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ணுக்கு முதலிலேயே பட்டுவிட்டது.

அந்தக் கண்ணும் தவறும். 2006-இல் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினி நிரலுடன் ஆடிய உலக சாம்பியன் கிராம்னிக், இரண்டாவது ஆட்டத்தின் 34-ஆவது நகர்த்தலில் தன் கறுப்பு ராணியை இ3 கட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு நகர்த்தலில் அவருக்குச் செக்மேட். எஃப்8-இல் நின்ற வெள்ளைக் குதிரையின் காவலில் வெள்ளை ராணி எச்7-இல் வந்து உட்கார்ந்தது. குதிரை கடைசி வரிசையில் நின்றபடி பின்பக்கமாகக் காவல் காப்பதை நாம் அதிகம் பார்ப்பதில்லை. அதனால்தான் அது அவர் கண்ணுக்குத் தப்பியது என்று நினைக்கிறேன்.

எதிராளி நகர்த்தியதும் உங்கள் திட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இப்போது எனக்கு என்ன செக் வரும், எந்தக் காய் வெட்டுப்படும், எதை மிரட்டுகிறார்? அதைப் பார்த்த பிறகு உங்களுக்கான இரண்டு மூன்று நகர்த்தல்களை எடுத்து, ஒவ்வொன்றாகக் கணக்குப் போடுங்கள். முடிவு செய்ததும் கையை நீட்டாதீர்கள். அந்த நகர்த்தலை ஆடிவிட்டதாகவே நினைத்து, அதே கேள்விகளை எதிராளி பக்கமிருந்து கேளுங்கள். முன்பெல்லாம் இதற்காகவே நகர்த்தலைத் தாளில் எழுதிவிட்டு மறுபடி பலகையைப் பார்ப்பார்கள். இப்போது போட்டிகளில் முன்கூட்டி எழுத விதி இடம் தருவதில்லை, மனதில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பத்து நொடி வேலை. முதலில் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

ஆட்டம் முடிந்ததும் எஞ்சினை, அதாவது நகர்த்தல்களை அலசிச் சொல்லும் செஸ் நிரலைத் திறக்கிற பழக்கத்தையும் விடுங்கள். அது சரியான நகர்த்தலைச் சொல்லும். நீங்கள் ஏன் அதைப் பார்க்கவில்லை என்று அதற்குத் தெரியாது. எனக்கு இதில் உண்மையான வருத்தமே உண்டு. நன்றாக யோசிக்கக்கூடிய பிள்ளைகள் தங்கள் யோசனையைத் திரும்பிப் பார்க்காமலே அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, ஒன்று செய்யுங்கள். அடுத்து தோற்கிற ஆட்டத்தை எழுதி அனுப்புங்கள். காய் போன இடத்தில், நகர்த்துவதற்கு முன் என்ன நினைத்தீர்கள் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். எஞ்சின் சொன்னது வேண்டாம்.