வெண்கலமும் பனித்தளமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அல் ஐனில் 2025இல் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கிப் போட்டியில் இந்திய அணி வெண்கலம் வென்றதைப் பாராட்டி நீங்கள் எழுதியிருந்த குறிப்பை வாசித்தேன். ஜப்பானும் சீனாவும் ஆடாத ஒரு போட்டியில் மூன்றாமிடம் பெற்றதை இவ்வளவு கொண்டாட வேண்டுமா? வெயில் நாடான நமக்கு இந்த ஆட்டம் எதற்கு? ரோலர் ஸ்கேட்டிங் பழகும் என் மகள் அடுத்து ஐஸ் ஹாக்கி ஆட வேண்டும் என்கிறாள். அதனால்தான் கேட்கிறேன்.

ரவிச்சந்திரன், கோவை

அன்புள்ள ரவிச்சந்திரன்,

உங்கள் முதல் கேள்வி எனக்குக் கோபத்தையே தந்தது. உலக ஐஸ் ஹாக்கியில் எல்லா நாடுகளும் ஒரே களத்தில் மோதுவதில்லை. ஆண்களுக்கான உலகப் போட்டியின் உச்சப் பிரிவில் 16 அணிகள் மட்டுமே ஆடுகின்றன. மற்றவை படிப்படியாகக் கீழே உள்ள பிரிவுகளில் ஆடுகின்றன. அந்தப் படிகளிலும் கால் வைக்க இயலாத ஆசிய நாடுகளுக்காகவே சர்வதேசக் கூட்டமைப்பு 2008இல் ஆசிய சவால் கோப்பையை ஹாங்காங்கில் தொடங்கியது. நம் ஆண்கள் 2009இல் அபுதாபியில் அதில் இறங்கினார்கள். நம் பெண்கள் 2016இல் அதே கோப்பையின் மகளிர் போட்டிக்காகத் தைவானின் தைபேய்க்குப் போக, பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. ஓர் ஆட்டத்தையும் வெல்லாமல் திரும்பினார்கள். மறு ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என்று வென்றதே அவர்களுடைய முதல் சர்வதேச வெற்றி. தோற்ற ஆண்டில் அவர்களை ஏறெடுத்தும் பாராத நாம், வென்ற ஆண்டில் எதிரணியின் தரத்தை எடை போடுவது நியாயமல்ல.

ஆனால் நான் சில காலமாக நினைத்துக்கொண்டிருப்பது உங்கள் இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான். வெயில் நாடு என்கிறீர்கள். அல் ஐன் எங்கே இருக்கிறது? அமீரகத்துப் பாலைவனத்தில் இருக்கிறது. மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும், ஊரே அனலாகத் தகிக்கும்போது, அங்கே பனியில் ஆட்டம் நடந்தது. நம் அணியில் பெரும்பாலோர் லடாக்கின் பெண்கள்; சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், உறைந்த குளங்களில் சறுக்கக் கற்றவர்கள். இமயமலையில் வளர்ந்தவர்கள் கோடையில் பனியைத் தேடிப் பாலைவனத்துக்குப் போக வேண்டியிருந்ததே, அதை நினைத்துப் பாருங்கள்.

லடாக்கின் லே நகரில் ஒரு குளிர்காலத்தில் கர்சூ குளத்தில் ஆட்டம் பார்த்திருக்கிறேன். கதகதப்பான உடைகளைச் சுற்றிக்கொண்டு கரையில் நின்ற முதியவர்கள் ஒவ்வொரு சறுக்கலுக்கும் குரல் கொடுத்தார்கள். அங்கே பனி ஏறத்தாழ இரண்டு மாதங்களே நிற்கும். நண்பகல் வெயிலில் அதன் மேற்பரப்பு நெகிழும், விரிசலும் விழும். முழு அளவுத் தளத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் உறுதியான தடுப்புச் சுவர் நிற்க வேண்டும். ஏனெனில் கடினமான ரப்பர் வட்டை அந்தச் சுவரில் மோதவிட்டு, அது திரும்பும் கோணத்தைக் கணித்து ஆடுவது இந்த ஆட்டத்தின் பாதிக் கலை. குளத்தில் ஆடி வளர்ந்த கால்களுக்கு வேகமும் துணிவும் வரும், அந்தக் கணக்கு வராது. இதைச் சொன்னால் பயிற்சியின்மை என்று சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

பனித்தளம் என்பது வானிலையால் ஆவதல்ல, மின்சாரத்தால் ஆவது. கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்களில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உப்புக் கரைசல் ஓட, அதன்மேல் மெல்லிய அடுக்குகளாகத் தெளித்த நீர் சில சென்டிமீட்டர் கனத்துக்கு உறைகிறது. மணிலாவின் வணிக வளாகங்களில் இப்படிப்பட்ட தளங்கள் இருக்கின்றன. குளிர்காலமே இல்லாத பிலிப்பைன்ஸ் 2017 தென்கிழக்காசிய விளையாட்டில் ஆண்கள் ஐஸ் ஹாக்கியில் தங்கம் வென்றது அதனால்தான். நம்மிடமும் ஒன்று இருந்தது. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட தளத்தில், 2012இல் ஆசிய சவால் கோப்பையின் ஒரு பிரிவே நடந்தது. பிறகு இயக்கச் செலவுக்கு வழியில்லாமல் அது பல ஆண்டுகள் பயன்பாடின்றிக் கிடந்தது. 2025இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. அந்த ஆண்டுகளில் பதின்வயதைக் கடந்துபோன லடாக் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? கட்டிடத்தைத் திறந்துவைக்கும் நாளுக்குக் கிடைக்கும் பணம், அதற்கு மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்தக் கிடைப்பதில்லை. நம் நாட்டு விளையாட்டுத் துறையின் தீராத நோய் இது. நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய இடமும் இதுவே. வெண்கலத்தோடு வந்த பெண்களிடம் தகுதியைக் கேட்காதீர்கள்.

உங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரோலரில் பழகிய சமநிலை பனியிலும் கைகொடுக்கும்; நிற்பதற்குத்தான் புதிதாகப் பழக வேண்டும், பனியில் காலணியின் அடியிலுள்ள கத்தியைக் குறுக்கே திருப்பிப் பனியைச் சீவித்தான் நிற்பார்கள். குருகிராமின் ஒரு வணிக வளாகத்தில் சிறிய தளம் உண்டு, டேராடூனில் பெரியது உண்டு. கோடை விடுமுறையில் அழைத்துப் போங்கள். தலைக்கவசமும் முழங்கால் காப்பும் நல்லதாக வாங்கிக்கொடுங்கள். அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

அன்புடன்.